செத்தவருக்கு எதில் இடம்: ட்ரூ கிரைம் ஆவணத் தொடரிலா, இருண்ட நாடகத்திலா?

'தி ஸ்டேர்கேஸ்' என்ற பெயரில் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. முதலாவது, பிரெஞ்சு இயக்குநர் ஜான் சேவியர் த லெஸ்த்ராத் எடுத்து 2004-இல் வெளிவந்த ஆவணத் தொடர். அடுத்தது, காலின் ஃபெர்த்தும் டோனி காலெட்டும் நடித்து 2022-இல் வந்த நாடகத் தொடர். இரண்டும் பேசுவது ஒரே சாவைத்தான். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், நாவலாசிரியர் மைக்கேல் பீட்டர்சனின் மனைவி கேத்லீன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ரத்தத்தில் கிடந்தார். தவறி விழுந்தாரா, கணவர் அடித்துக் கொன்றாரா என்பதுதான் வழக்கு.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஆவணத் தொடர் முடிந்தபோது பீட்டர்சன் எப்படிப் பேசுவார், எந்தக் கேள்விக்கு எப்படி நழுவுவார், அவருடைய வக்கீல் எப்போது பொறுமை இழப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கேத்லீன் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் தெரியாது. அவர் புகைப்படமாகவும், பிரேதப் பரிசோதனை அறிக்கையாகவும், சுவரில் தெறித்த ரத்தமாகவும்தான் இருந்தார். நாடகத்தில் அவர் நடமாடினார். வேலை போய்விடுமோ என்று பயந்தார், கோபப்பட்டார், களைத்துப்போய் உட்கார்ந்தார். அத்தனையும் திரைக்கதை எழுதியவர்களின் ஊகம். ஆனாலும் ஒரு மனுஷி செத்துப்போனாள் என்று எனக்கு உறைத்தது நாடகத்தில்தான்.

அன்றிலிருந்து இந்த இரண்டு வகையையும் எடைபோட என்னிடம் இருப்பது ஒரே படிக்கல்: செத்தவருக்கு இதில் என்ன இடம்? பரபரப்பு, நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் அப்புறம்.

வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் வேறு. ஆவணப்படம் நிஜம், நாடகம் புனைவு, ஆகவே உண்மை வேண்டுமென்றால் முதலாவதைப் பார் என்பார்கள். நானும் நம்பியிருந்தேன். 'தி ஜின்க்ஸ்' அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. 2015-இல் வந்த அந்த ஆவணத் தொடரின் நாயகன், இல்லை, பேசுபொருள், கொலைச் சந்தேகத்தில் இருந்த ராபர்ட் டர்ஸ்ட் என்ற ரியல் எஸ்டேட் குடும்பத்து வாரிசு. கடைசி எபிசோடில் பேட்டி முடிந்து கழிவறைக்குப் போகிறார். சட்டையில் மாட்டிய மைக் அணைக்கப்படவில்லை. எல்லோரையும் கொன்றதாகத் தனக்குத்தானே முணுமுணுக்கிறார். அந்த எபிசோட் ஒளிபரப்பாவதற்கு முந்தைய நாள் அவர் கைதானார். பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

2019-இல் அந்தப் பேச்சின் முழு எழுத்து வடிவம் வழக்கில் வெளியே வந்தது. தொடரில் கேள்வியும் பதிலும் போல ஒட்டி வந்த இரண்டு வாக்கியங்கள், அசல் பதிவில் அப்படி ஒட்டி வரவே இல்லை. வெட்டி, வரிசை மாற்றிச் சேர்த்திருந்தார்கள். தோழி சூசன் பெர்மனைக் கொன்றது டர்ஸ்ட்தான் என்று 2021-இல் தீர்ப்பாகிவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெர்மனின் பிணம் கிடக்கும் இடத்தைச் சொல்லிப் போலீஸுக்குப் போன மொட்டைக் கடிதத்திலும், டர்ஸ்ட் அதற்கு முன்பு எழுதிய கடித உறையிலும் 'பெவர்லி' என்ற பெயர் ஒரே எழுத்துப்பிழையோடு இருப்பதை உலகத்துக்குக் காட்டியதும் இதே தொடர்தான். அவ்வளவு வலுவான துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முணுமுணுப்பை ஏன் வெட்டி ஒட்ட வேண்டும்? எபிசோட் முடியும்போது இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட வேண்டும் என்பதற்காக. அதாவது, நாடகக்காரர்கள் செய்யும் அதே வேலை.

நாடகம் குறைந்தபட்சம் தன்னை நாடகம் என்று சொல்லிக்கொள்கிறது.

சரி, ஆவணப்படத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. எரோல் மாரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' 1988-இல் வந்தது. டல்லஸ் நகரில் ஒரு போலீஸ்காரரைச் சுட்டதாக மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுளாகக் குறைக்கப்பட்டு, உள்ளே இருந்தவர் ராண்டல் டேல் ஆடம்ஸ். படம் வந்த மறு ஆண்டு வெளியே வந்தார். 'பாரடைஸ் லாஸ்ட்' 1996-இல் தொடங்கி வரிசையாக மூன்று படங்களாக வந்தது. அதில் வரும் மூன்று இளைஞர்கள் 18 ஆண்டு சிறைக்குப் பிறகு 2011-இல் விடுதலையானார்கள். முழு விடுதலை அல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், அரசுத் தரப்பிடம் தண்டிக்கப் போதுமான சாட்சியம் இருக்கிறது என்பதை மட்டும் ஏற்கும் 'ஆல்ஃபோர்டு' முறையில். பீட்டர்சன் வழக்கும் 2017-இல் இதே முறையில்தான் முடிந்தது. இந்த அரைகுறைத் தன்மையை, வழக்கு முடிந்தும் முடியாத அந்தக் கசப்பை, ஆவணப்படம் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

என் படிக்கல்லை வைத்தால் மாரிஸ் படமும் தேறாது. சுடப்பட்ட போலீஸ்காரர் யார், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று அது அதிகம் கவலைப்படவில்லை. ஆனால் அங்கே உயிரோடு ஒருவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். அவசரம் அவருக்குத்தான். அந்த ஒரு காரணத்துக்காக விதிவிலக்குக் கொடுக்கிறேன்.

மாரிஸ் செய்த இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாட்சிகள் ஒவ்வொருவர் சொன்னதையும் அவர் நடிகர்களை வைத்து நடித்துக் காட்டினார். காட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நமக்குப் புரியும். இன்று எல்லா ஆவணத் தொடரிலும் அந்த உத்தி இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை. மங்கலான முகம், மெதுவாகத் திறக்கும் கதவு, சொட்டும் குழாய். மேலே ஒரு ட்ரோன் ஷாட். காட்டுவதற்குப் பதிவு எதுவும் இல்லை என்பதை மறைக்கும் பஞ்சு.

அந்தப் பஞ்சுக்கு உச்சம் 2021-இல் வந்த செசில் ஹோட்டல் தொடர். லாஸ் ஏஞ்சலஸ் விடுதி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மாணவியின் உடல் கிடைத்தது. தற்செயலாக மூழ்கிய சாவு என்று 2013-லேயே அதிகாரபூர்வ முடிவு வந்துவிட்டது. அதைச் சொல்ல நான்கு எபிசோட். இடையில் இணையத் துப்பறிவாளர்களின் பேய்க் கதைகள், சதிக் கதைகள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டு, கடைசியில் அவை தவறு என்கிறது. சம்பந்தமே இல்லாத ஓர் இசைக்கலைஞரைக் கொலைகாரன் என்று அவர்கள் விரட்டிய கதையும் வருகிறது. அது மட்டுமே ஒரு மணி நேரப் படமாக வந்திருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு மனநோய் இருந்தது, தனியாகப் பயணம் போனாள், என்ன நடந்தது என்பது சிக்கலே இல்லாத ஒரு துயரம். துயரத்தை மட்டும் வைத்து நான்கு எபிசோட் ஓட்ட முடியாது போலும்.

எனக்கு அதிகம் உறுத்துவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வகை: உண்மை வழக்கை நடிகர்களை வைத்து எடுப்பது. ஜெஃப்ரி டாமர் 1978-க்கும் 1991-க்கும் இடையில் 17 பேரைக் கொன்றவன். 2022-இல் அவனைப் பற்றி வந்த நாடகத்தில், கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி நீதிமன்றத்தில் கதறிய காட்சியை உடை, முடி, சொல் மாறாமல் அப்படியே எடுத்திருந்தார்கள். யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அந்தச் சகோதரி பிறகு எழுதினார். கொலைகாரனுக்கு அழகான நடிகர், நல்ல வெளிச்சம். அந்த 17 பேரில் எத்தனை பெயர் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்? எனக்கும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதே நடு வகையில் 'டெல்லி கிரைம்' முதல் சீசன் வேறு முடிவை எடுத்தது. 2012 டிசம்பர் சம்பவத்தைப் பற்றிய தொடர், ஆனால் பேருந்துக்குள் நடந்ததை அது காட்டவே இல்லை. காட்டாமலே பதைக்க வைத்தது. போலீஸைக் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாக்கிவிட்டது என்ற புகாரில் நியாயம் உண்டு. விசாரணை அதிகாரியின் கண் வழியே கதை சொன்னால் அப்படித்தான் ஆகும்.

'வென் தே சீ அஸ்' இன்னொரு சிக்கல். நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் 1989-இல் பொய்யாக மாட்டிய ஐந்து பையன்களைப் பற்றி 2012-இல் ஒரு நேர்த்தியான ஆவணப்படம் வந்தது, 2019-இல் இயக்குநர் ஏவா டுவெர்னேயின் இந்த நான்கு பாக நாடகம் வந்தது. ஆவணப்படத்தில் அந்தப் பையன்களின் அசல் வாக்குமூல வீடியோக்கள் இருக்கின்றன. அந்தச் சோர்ந்த முகங்களை எந்த நடிகனும் கொண்டுவர முடியாது. நாடகத்திலோ, அவர்களில் ஒருவரான, 16 வயதில் பெரியவர்கள் சிறைக்குப் போன கோரி வைஸின் தனிமை இருக்கிறது. அங்கே எந்தக் கேமராவும் போனதில்லை. ஆக இரண்டும் வேண்டும். ஆனால் நாடகம் வில்லியாகக் காட்டிய அரசு வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட்டு, அது 2024-இல் சமரசமானது. அதன்படி, சில சம்பவங்கள் புனையப்பட்டவை என்ற அறிவிப்பு, எபிசோட் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தது. அறிவிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இவ்வளவு சண்டை. யார்தான் கடைசி எழுத்துகள் ஓடும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்?

உலகத்தை அசைப்பது ஆவணப்படம் மட்டும்தான் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிரிட்டனில் ஒரு கணினி அமைப்பின் பிழையால் நூற்றுக்கணக்கான கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருடர்களாக்கப்பட்ட விவகாரம் ஆண்டுக்கணக்கில் செய்தியிலும் நீதிமன்றத்திலும் இருந்தது. 2024 ஜனவரியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நாடகம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. தகவல் ஏற்கெனவே இருந்தது. முகம்தான் இல்லாமல் இருந்தது.

முழுப் புனைவுக்கு வந்தால் என் கை தானாக 'பிராட்சர்ச்' பக்கம் போகிறது. 2013-இல் வந்த முதல் சீசன் எட்டு எபிசோட். ஒரு சிறுவன் இறக்கிறான். துப்பறிதல் ஒரு பக்கம் நடக்க, அம்மாவும் அப்பாவும் அக்காவும் ஒவ்வொரு நாளும் எப்படி எழுந்து உட்காருகிறார்கள் என்பதைத் தொடர் விடாமல் பார்க்கிறது. 2025-இல் வந்த 'அடோலெசென்ஸ்' இதற்கு நேர் எதிர். நான்கு எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஷாட். 13 வயதுப் பையன் ஒரு மாணவியைக் கொன்றதாகக் கைதாகிறான். கேமரா பையனோடும் அவன் குடும்பத்தோடும்தான் போகிறது. இரண்டாவது எபிசோடில் பெண் காவலர் ஒருவர் இதையே குறையாகச் சொல்கிறார்: எல்லோரும் பையனைத்தான் நினைவில் வைப்பார்கள், அந்தப் பெண்ணை யாரும் வைக்க மாட்டார்கள் என்று. தொடர் தன் மேல் தானே வைக்கும் குற்றச்சாட்டு அது. கேட்டதும் எனக்கு அந்த மாடிப்படி ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடுமா? தொடர் மறுபடி பையனிடமே போனது, நானும் பின்னால் போனேன்.

ஒரு வார இறுதிதான் இருக்கிறது, ஒவ்வொன்றில் ஒன்று சொல் என்று கேட்டால்: ஆவணப்படத்தில் 'தி தின் ப்ளூ லைன்', இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நாடகத்தில் 'பிராட்சர்ச்' முதல் சீசன். இரண்டாவது சீசனைத் தொட வேண்டாம்.