கார் பேட்டரியின் மைனஸை மட்டும் கழற்றுவதா, பேட்டரியையே வீட்டுக்குக் கொண்டுவருவதா?

ஒரு மாதம் ஊருக்குப் போகும்போது காரை அப்படியே வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார்நிறுத்தத்தில் விட்டால், அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தாலே 30 நாளில் 36 ஆம்பியர்-மணி காலி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்காது.

பேட்டரியில் வைத்துப் பார்க்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால், 10 எம்எம் ஸ்பேனரால் மைனஸ் கிளாம்பைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினால் போதும். ரிமோட் வேலை செய்யாது. சாவியால்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

12.4-க்குக் கீழே என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும். குறை சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். 4 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுங்கள். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும், வீட்டுக்குள் இருக்கும் அடைத்த பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் வேண்டவே வேண்டாம், ஜன்னலோரம் வையுங்கள். கழற்றும்போது மைனஸ்தான் முதலில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைத் தொட்ட ஸ்பேனர் கார் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.