62,000 கிலோமீட்டர், நான்கு முறை ஃபோர்க் ஆயில்: என் அனுபவம்

என்னுடையது 150 சிசி பைக். முன்னால் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான், அதாவது முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நின்று அதிர்ச்சியைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள இரண்டு பைப்புகள். திருகி அட்ஜஸ்ட் செய்ய அதில் எதுவும் கிடையாது. தினமும் நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போய்த் திரும்புகிறேன். மாதம் ஒரு முறையாவது கொல்லிமலை ஏறுவேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தாக வேண்டும், முன்பக்கம் ஒவ்வொரு முறையும் அமுங்கி எழும். ஃபோர்க் நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்பது பத்தாவது வளைவுக்குள் கைக்குத் தெரிந்துவிடும்.

26,000 கிலோமீட்டரில் வலது பைப்பில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம், அதாவது ஆயில் சீல், போய்விட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இரண்டு பக்கமும் சீல் மாற்றினார்கள், சரி. ஆனால் ஊற்றியது எஞ்சின் ஆயில், 20W40. கேட்டதற்கு, "எல்லா வண்டிக்கும் இதைத்தான் தம்பி ஊத்துறோம், ஒண்ணும் ஆகாது" என்றார் அண்ணன்.

ஆனது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் மணிக்கட்டில் அடி விழுந்தது. ஃபோர்க்கின் உள்ளே ஒரு டேம்பர் ராடு இருக்கிறது, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். சக்கரம் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் போய் வர வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் அது நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 20W40 எஞ்சின் ஆயில் 40 டிகிரி வெப்பத்தில் 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் கெட்டி. ஃபோர்க்குக்கு வேண்டியதைப் போல இரண்டு மூன்று மடங்கு. எஞ்சின் ஆயில் டப்பாவில் இருக்கும் 20W வேறு, ஃபோர்க் ஆயில் டப்பாவில் இருக்கும் 20W வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்கக் கூடாது.

5,000 கிலோமீட்டர் அப்படியே ஓட்டிவிட்டு, இனி நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அப்போது நான் செய்த தவறு 15W ஃபோர்க் ஆயில் வாங்கியது. கெட்டியான ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்காது என்று பலரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். கொல்லிமலையில் அது பொய்யென்று தெரிந்தது. சட்டென்று பிரேக் பிடித்தால் அமுங்குவது குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வளைவுக்கு முன் மூன்று நான்கு நொடி பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும்போது, மெதுவாகவானாலும் பழைய ஆழத்துக்கே அமுங்கியது. கெட்டி ஆயில் குறைப்பது அமுங்கும் வேகத்தை மட்டும்தான். எவ்வளவு அமுங்கும் என்பதை முடிவு செய்பவை ஸ்பிரிங்கும், பைப்புக்குள் ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும். தொடர் குழிகள் உள்ள சாலையில் இன்னொரு தொல்லை: முதல் குழியில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். நான்காவது குழியில் ஃபோர்க் கட்டை போல இருக்கும்.

2,000 கிலோமீட்டருக்குள் அதையும் வடித்துவிட்டேன். இந்த முறை டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு டேட்டா ஷீட்டைப் படித்தேன். ஃபோர்க் ஆயிலில் W எண்ணுக்குக் கம்பெனிகளுக்குள் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 10W 30 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும், இன்னொருவருடையது 40-ஐத் தாண்டும். பார்க்க வேண்டியது 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பதை. நான் எடுத்தது மோட்டூல் ஃபோர்க் ஆயில் எக்ஸ்பர்ட் 10W, ஏறக்குறைய 36. ஒரு லிட்டர் டப்பா என் வண்டிக்கு இரண்டு முறை வந்தது.

மாற்றும் வேலையில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பைப்பை உருவுவதற்கு முன்பே, கீழ் கிளாம்ப் இறுக்கமாக இருக்கும்போதே, மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த பிறகு பிடிப்பதற்கு இடமே இருக்காது. மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கடைசி மரை கழலும்போது உள்ளங்கையால் அமுக்கிப் பிடியுங்கள், முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள்.

பைப்பைக் கவிழ்த்ததும் வந்ததைப் பார்த்து எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, சாம்பல் கரைத்த தண்ணீர் நிறம். வெள்ளைத் தட்டில் வெயிலில் வைத்தால் வெள்ளிப் பொடி சுழன்றது, அழுகிய மீன் நாற்றம். காரணம், முந்தின முறை நான் வடித்ததோடு விட்டிருந்தேன். அடியில் தங்கிய பழைய அழுக்கு புது ஆயிலோடு கலந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் புது ஆயில் ஊற்றி, இருபது முறை பம்ப் செய்து, அதையும் வடித்தேன். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கக் கவிழ்த்தே வைத்தேன். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் பழைய எஞ்சின் ஆயில் சேர்க்கும் டிரம்மில் கொடுத்துவிடலாம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. மேனுவலில் ஒரு காலுக்கு, அதாவது ஃபோர்க்கின் ஒரு பக்கத்துக்கு, இத்தனை மில்லி என்று இருக்கும். அந்தக் கணக்கு உள்ளே ஒரு சொட்டும் பாக்கி இல்லாதபோதுதான் சரி. என் ஃபோர்க் போன்ற ஒல்லியான பைப்பில் ஆயில் மட்டம் 10 மில்லிமீட்டர் உயர 5, 6 மில்லி போதும், ஒரு டீஸ்பூன். ஓட்டைகளுக்குள் தங்கும் பழைய ஆயிலே அதைவிட அதிகம் இருக்கும். அதனால் மில்லியை விட்டுவிட்டு மட்டத்தை அளந்தேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, சுவரோடு நேராக நிறுத்தி, மெதுவாகப் பம்ப் செய்து காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகும் பத்து நிமிடம் விட வேண்டும். பெரிய சிரிஞ்சில் டிரிப் ட்யூப் மாட்டி, ட்யூபில் வேண்டிய நீளத்தில் நூல் கட்டினேன். நூல் பைப்பின் விளிம்பைத் தொடும்வரை இறக்கி உறிஞ்சினால், அந்த மட்டத்துக்கு மேல் இருக்கும் ஆயில் எல்லாம் சிரிஞ்சுக்குள் வந்துவிடும். இரண்டு காலும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே மட்டம்.

மேனுவல் மட்டத்தைவிட 10 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்தேன். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள், முதலில் லேசாகப் போகும், கடைசியில் கல்லாக நிற்கும். ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். ஆயில் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், கடைசிப் பகுதியில் எதிர்ப்பு கூடும், சின்னக் குழிகளில் மென்மை கெடாது. இதற்கு மேல் உயர்த்தினால் அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும், ஆசைப்படாதீர்கள்.

அன்றைக்கு மாலை கொல்லிமலையில் இறங்கியபோது வண்டி வேறு வண்டியாக இருந்தது. முன்பக்கம் அமுங்கியது, ஆனால் ஓர் இடத்தில் நின்று தாங்கியது, வளைவு முடிந்ததும் நிதானமாக எழுந்தது. அந்த ஆயிலில் 19,000 கிலோமீட்டர் ஓட்டினேன். கடைசி இரண்டாயிரத்தில் மறுபடி தளர்ச்சி தெரிந்தது, அதுவும் மே மாத வெயிலில் அதிகமாக. 52,000-இல் அதே 10W, அதே மட்டம். வடித்த ஆயில் கருத்திருந்தது, ஆனால் வெள்ளிப் பொடி மிகவும் குறைவு.

இப்போது 62,000. சீல் இரண்டும் கசிவில்லாமல் காய்ந்தே இருக்கின்றன. மழையில் ஓட்டி வந்தால், ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைச் சுற்றி இருக்கும் சேற்றைத் துணியால் துடைத்துவிடுகிறேன். இடது பைப்பில் கல் பட்டு ஊசிமுனை அளவுக்கு ஒரு மேடு எழும்பியிருந்தது. போன வாரம்தான் 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆயில் தொட்டு, நகத்தில் தட்டுப்படாத வரை தேய்த்து எடுத்தேன்.