மதுரையா, டர்பனா, இல்ல அமெரிக்காவா: கண் டாக்டர் பட்டம் எங்க வாங்குறது?

எங்க வீட்டுக்காரரோட அக்கா பொண்ணு போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா. தென்னாப்பிரிக்காவுல, இந்த டர்பன்லயே இருக்கற சாட்ஸ்வொர்த்துல பொறந்து வளந்தவ, 6 வருஷம் மெடிசின் முடிச்சு, 2 வருஷம் இன்டர்ன்ஷிப், 1 வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் (கட்டாய அரசாங்க ஆஸ்பத்திரி வேலை) எல்லாம் முடிச்சாச்சு, இப்ப மெடிக்கல் ஆபீசரா இருக்கா. பிரியாணித் தட்ட கையில வெச்சுக்கிட்டே, "மாமி, நான் கண் டாக்டராகணும், இங்க ரிஜிஸ்ட்ரார் போஸ்ட் கெடைக்கிற மாதிரி தெரியல, பேசாம உங்க ஊர்ல போய் 3 வருஷத்துல முடிச்சிட்டு வந்துடவா?"ன்னு கேட்டா. (ரிஜிஸ்ட்ரார்னா சம்பளத்தோட ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி எடுக்கற டாக்டர். மதுரையில அத்தைன்னு கூப்பிடுவாங்க, இங்க வந்து மாமி ஆயிட்டேன்.) இப்ப நான் இங்க கண் டாக்டர், இதே கேள்வியோட 15 வருஷம் முன்னாடி நானும் முழிச்சிருக்கேன். அன்னிக்கு அவகிட்ட அரைகுறையா சொன்னத இங்க முழுசா எழுதி வெச்சிடறேன், அடுத்து யாராவது கேட்டா லிங்க் அனுப்பிடலாம்.

மொதல்ல ஒண்ணு, கண்ணாடி கடையில பவர் பாக்கறவங்க ஆப்டோமெட்ரிஸ்ட், அவங்க படிப்பு வேற. நான் சொல்றது ஆபரேஷன் பண்ற கண் டாக்டர். எங்க மாமியாருக்கு இன்னிக்கு வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், அத விடுங்க.

காலக் கணக்கு போட்டா இந்தியாதான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே இல்ல. அங்க எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போட சேத்து அஞ்சரை வருஷம், அப்புறம் நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி, எம்எஸ் இல்லன்னா டிஎன்பின்னு ஸ்பெஷலிஸ்ட் படிப்பு 3 வருஷம், ஆக எட்டரை. இங்க படிப்பு 6, இன்டர்ன்ஷிப் 2, சர்வீஸ் 1, அதுக்கு மேல ரிஜிஸ்ட்ரார் 4, மொத்தம் 13, நடுவுல போஸ்ட்டுக்காக காத்துக் கெடக்குறது கணக்குல சேரல. அமெரிக்காவுல காலேஜ் 4, மெடிக்கல் ஸ்கூல் 4, இன்டர்ன் 1, கண் ரெசிடென்சி, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி 3, ஆக 12. இங்கிலாந்துல ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங் மட்டுமே 7 வருஷம், குறைஞ்சது 350 புரை ஆபரேஷன் கையால பண்ணியிருக்கணும், எஃப்ஆர்சிஆப்த்னு அந்த ஊர் கண் டாக்டர் பரீட்சையும் பாஸ் பண்ணணும். நல்ல ட்ரெய்னிங்தான், ஆனா நான் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கல, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

அமெரிக்காவப் பத்தி நான் சொல்றதெல்லாம் என் தம்பி வழியா கேட்டதும் ஒரு சீசன் பூரா உக்காந்து படிச்சதும்தான், அனுபவம் கெடையாது. 'போர்ட் சர்டிஃபைட்'ங்கற (அந்தந்த துறை போர்டு பரீட்சை வெச்சு சர்டிபிகேட் குடுத்தவங்கங்கற) வார்த்தையே அந்த ஊர் சரக்கு, அதுவும் கண்ணுலதான் ஆரம்பிச்சது. அமெரிக்கன் போர்ட் ஆஃப் ஆப்தால்மாலஜி 1916-ல வந்தது, அந்த நாட்டோட மொத ஸ்பெஷாலிட்டி போர்ட் அதுதான். ரெசிடென்சியில குறைஞ்சது 86 புரை ஆபரேஷனாவது முதல் சர்ஜனா பண்ணியிருக்கணும், முடிச்சதும் ஒரு எழுத்துப் பரீட்சை, அது பாஸ் ஆனா வாய்மொழிப் பரீட்சை. வேடிக்கை என்னன்னா சட்டப்படி இது கட்டாயம் இல்ல, தொழில் பண்ண லைசென்ஸ் குடுக்கறது மாநிலம், போர்டு தனி. ஆனா ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ்காரனும் கேப்பான்ங்கறதால எல்லாரும் எழுதிடறாங்க. 1992 ஜூலைக்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு ஆயுசுக்கும் செல்லும், அதுக்கப்புறம் வந்தவங்களுக்கு காலக்கெடு உண்டு, புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா கேள்வி வந்துடும். தம்பி தெளிவா சொன்னான்: அக்கா, வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவங்களுக்கு கண் ரெசிடென்சி சீட்டு குதிரைக்கொம்பு, அதுக்கு சீட்டு ஒதுக்கற மேட்ச்சே தனியா நடக்குது, நீ யுஎஸ்எம்எல்இன்னு அவங்க லைசென்ஸ் பரீட்சை எல்லாம் எழுதி முடிச்சிட்டு கடைசியில வேற ஏதாவது டிபார்ட்மென்ட்லதான் போய் நிப்பேன்னான். அத்தோட அந்தக் கதவ சாத்திட்டேன்.

இப்ப மதுரையும் டர்பனும்.

நான் மதுரைக்காரி, அதனால ஊர விட்டுக்குடுத்துப் பேச மாட்டேன். கண்ணுன்னா எங்க ஊர்தான். 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் இன்னிக்கு எங்க வந்து நிக்குதுன்னு உலகத்துக்கே தெரியும். மெட்ராஸ்ல எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லயே வந்தது, சங்கர நேத்ராலயா 1978. ஸ்டூடண்டா இருக்கறப்போ ஒரு கேம்ப்புக்குப் போயிருந்தேன், ஒரு சர்ஜன் பக்கத்துல பக்கத்துல ரெண்டு டேபிள் போட்டு, இதுல முடிச்சு மைக்ரோஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பறதுக்குள்ள அடுத்த ஆள் ரெடியா படுத்திருப்பாரு, தறியில நாடா ஓடற மாதிரி இருக்கும். கை பழகணும்னா அதுக்கு ஈடே இல்ல. இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில தியேட்டர் கெடைக்கறதே வாரத்துக்கு சில ஸ்லாட்டுதான், அதுலயும் லோட்ஷெட்டிங் இருந்த வருஷத்துல கேஸ் நடுவுல கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிட்டு கைய அசைக்காம இருட்டுல உக்காந்திருக்கேன். அந்த சில வினாடி என் வாழ்க்கையிலயே நீளமானது.

அப்புறம் ஏன் டர்பன எடுத்தேன்னா, ஒரே காரணம். பட்டம்ங்கறது பட்டா மாதிரி, எந்த ஊர் ரிஜிஸ்தர்ல பதிஞ்சிருக்கோ அங்கதான் செல்லும். இத யாரும் நமக்கு மொதல்ல சொல்றதில்ல. எத்தன வருஷம், எவ்ளோ ஃபீஸ், எத்தன கேஸ்னு கேப்போமே தவிர, முடிச்சிட்டு எந்த நாட்டுல போர்டு மாட்டப் போறேன்னு யோசிக்க மாட்டோம். தென்னாப்பிரிக்காவுல ஸ்பெஷலிஸ்ட்னு பேர் போடணும்னா எச்பிசிஎஸ்ஏன்னு இந்த ஊர் மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்தர்ல அந்தப் பேருல பதிவு இருக்கணும், அது இருந்தாதான் கண் டாக்டர் ரேட்டுக்கு மெடிக்கல் எய்டுக்காரன், அதாவது மருத்துவ இன்சூரன்ஸ்காரன் காசு குடுப்பான். இந்தியாவோட 3 வருஷ எம்எஸ்ஸ கொண்டுட்டு வந்தா, இங்க 4 வருஷம்ல, உன்னோடது எப்படி சமம்னு கேள்வி வரும், பேப்பர் எல்லாம் அனுப்பி, பரிசீலனை முடியற வரைக்கும் உக்காந்திருக்கணும், அப்படி உக்காந்து உக்காந்து மெடிக்கல் ஆபீசர் வேலையிலயே தங்கிட்டவங்கள எனக்குத் தெரியும். கையில ஆயிரக்கணக்குல கேஸ் பண்ணின அனுபவம் இருக்கும், சீல்ல ஸ்பெஷலிஸ்ட்னு இருக்காது.

திருப்பிப் போட்டுப் பாத்தாலும் இதே கதைதான். நான் இங்க வாங்கின எஃப்சி ஆப்த்த, அதாவது இந்த ஊர் கண் டாக்டர் பட்டத்த தூக்கிட்டு நாளைக்கு மதுரைக்குப் போனா, கண் டாக்டர்னு போர்டு மாட்ட முடியாது. இந்தியா நேரடியா ஏத்துக்கற பிஜி பட்டம் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இந்த 5 நாட்டோடதுதான், அதுல நாம இல்ல. அம்மாகிட்ட இத சொன்னப்போ, "அப்ப எனக்குப் புரை வந்தா நீ பண்ண மாட்டியா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. ஆனா என் புருஷன், வீடு, பிள்ளைங்க எல்லாம் இங்க, அப்ப பட்டாவும் இங்கதான இருக்கணும்.

இன்னொண்ணு, வியாதியும் ஊருக்கு ஊர் வேற. மதுரையில கதிரறுக்கறப்போ தாள் குத்தி, கருவிழியில காளான் தொற்றோட வர்றவங்க ஜாஸ்தி. இங்க சின்ன வயசு எச்ஐவி பேஷண்டுங்களுக்கு வெள்ளவிழி ஓரத்துல வளர்ற கட்டி, கண்ணுல அக்கி, கண் அழுத்தம் முத்திப்போய் கடைசி நேரத்துல வர்றவங்க. பரீட்சையில வைக்கறதும் இந்தக் கேஸ்தான். பாஷையும் அப்படித்தான். நான் மொதல்ல கத்துக்கிட்ட ஜூலு 'சாவுபோனா கோகோ', அடுத்தது 'பெக்கா பெசூலு', 'பெக்கா பான்சி', அதாவது வணக்கம் பாட்டி, மேல பாருங்க, கீழ பாருங்க. இந்த ரெண்டு வார்த்த தெரியாம ஸ்லிட் லேம்ப் (கண்ணப் பாக்கற மைக்ரோஸ்கோப்) முன்னாடி உக்காந்தா ஒரு நாளைக்கு பத்து பேரக்கூட பாத்து முடிக்க முடியாது.

சரி, இந்த ஊர் வழி எப்படின்னா மூணு கால் ஸ்டூல். ஒரு கால், அங்கீகாரம் உள்ள ரிஜிஸ்ட்ரார் போஸ்ட்ல 4 வருஷம், சம்பளத்தோட. ரெண்டாவது, காலேஜஸ் ஆஃப் மெடிசின் நடத்துற பரீட்சை, வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், ப்ரைமரியில ஆரம்பிச்சு ஃபைனல் வரைக்கும், பாஸ் பண்ணினா எஃப்சி ஆப்த். மூணாவது எம்மெட், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி யுனிவர்சிட்டியில வாங்குற பட்டம், 2011-லேர்ந்து இது இல்லாம ஸ்பெஷலிஸ்டா பதிய மாட்டாங்க. இந்த மூணாவது கால்தான் ஆளக் கவுத்துடும். நானே விழுந்தேன். ஃபைனல் பாஸ் பண்ணி, அங்கி மாட்டி, ஃபோட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பி, அப்பா அத ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சு. ஆனா கட்டுரைக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததே லேட்டு, பழைய ஃபைல எடுக்கப் போனா பாதி ரெக்கார்ட காணோம், திருத்தறவங்ககிட்ட போய் மாசக்கணக்குல ஊறிட்டு வந்தது, ஆக கிட்டத்தட்ட ஒரு வருஷம் பரீட்சை பாஸ் ஆனவ, ஆனா ஸ்பெஷலிஸ்ட் இல்ல. சொந்தக்காரங்க கிளினிக் எப்ப தொறக்கறேன்னு கேக்கறப்போ எல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன். எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காதீங்க. மொத வருஷத்துலயே தலைப்ப முடிவு பண்ணிடுங்க, சின்னத் தலைப்பா எடுங்க, உலகத்த மாத்தற ஆராய்ச்சியெல்லாம் பட்டம் வாங்கினப்புறம் பண்ணிக்கலாம்.

வாங்கினப்புறம் பராமரிப்புன்னு பாத்தா, அமெரிக்கா மாதிரி காலக்கெடுக் கத்தி நம்ம தலைக்கு மேல தொங்கல. எஃப்சி வாங்கினா வாங்கினதுதான், பதிவுதான் வருஷா வருஷம் காசு கட்டி உயிரோட வெச்சுக்கணும், 12 மாசத்துக்கு 30 சிபிடி பாயிண்ட் (தொடர்ந்து படிக்கறோம்னு காட்டற பாயிண்ட்), அதுல 5 எதிக்ஸ்ல. ஒரு கான்பரன்ஸ், கொஞ்சம் ஆன்லைன் கேள்வின்னு முடிஞ்சிடும், எதிக்ஸ் 5 மட்டும் எப்பவும் கடைசி மாசம்தான் ஞாபகம் வரும்.

டிப்ளமா பத்தியும் கேட்டா. டிப் ஆப்த்னு ஒண்ணு இதே காலேஜ்தான் நடத்துது, கண் டிபார்ட்மென்ட்ல மெடிக்கல் ஆபீசரா இருந்துக்கிட்டே எழுதலாம். அது ஸ்பெஷலிஸ்ட் பட்டம் இல்ல, அத வெச்சு போர்டு மாட்ட முடியாது. ஆனா ரிஜிஸ்ட்ரார் இன்டர்வியூவுல டிப்ளமாவும் ப்ரைமரியும் கையில வெச்சுக்கிட்டு உக்காந்தா, இவ சும்மா ஆசப்பட்டு வரல, உழைச்சிட்டுதான் வந்திருக்கான்னு தெரியும்.

அதனால அவகிட்ட சொன்னது இதுதான். இந்தியாவுக்கு 3 வருஷம் போகாத, கை பழக சில வாரமோ சில மாசமோ போ, ஸ்பெஷலிஸ்ட் ஆனப்புறம் போ. அரவிந்த்ல வெளிநாட்டு டாக்டருங்களுக்கே தையல் போடாத புரை ஆபரேஷன், பேகோ (மெஷின்ல புரைய ஒடச்சு உறிஞ்சற ஆபரேஷன்) ரெண்டுக்கும் குறுகிய காலப் பயிற்சி இருக்கு. பட்டா இங்க, பழக்கம் அங்க. டர்பன்ல போஸ்ட் இல்லன்னா ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன், ப்ளூம்ஃபான்டீன்னு எல்லா எடத்துக்கும் போடு, கல்யாணம் பேசறாங்கன்னு ஊர விட்டு நகராம உக்காந்திடாத. போஸ்டே கெடைக்காம நாலஞ்சு வருஷம் ஓடிடுச்சுன்னா? அப்ப என் பேச்சு மாறலாம், எனக்கு ரெண்டாவது தடவயே கெடச்சிட்டதால அந்த வலிய நான் பட்டதில்ல.

போறப்போ என்னோட ஆப்டிக்ஸ் நோட்ட எடுத்துக் குடுத்தேன், ரெண்டு பக்கம் சாம்பார் பட்டு ஒட்டிப்போயிருக்கு. ப்ரைமரிக்கு ஃபார்ம் போட கடைசி தேதி எப்பன்னு கேட்டதுக்கு, பாக்கணும் மாமின்னா. வாசல் கேட்டத் தாண்டறதுக்குள்ள ஃபோன எடுத்துப் பாக்க வெச்சிட்டுதான் விட்டேன்.