தி.நகரில் ஒரு ஆர்ட்டிகிள்ஷிப் இன்டர்வியூ பயிற்சி வகுப்பு: கொடுத்த காசில் பாதி தேறும்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, 3,500 ரூபாய், சி.ஏ. படிப்பின் நடுக்கட்டமான இன்டர் தேர்வை முடித்துவிட்டு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆபீசில் செய்யவேண்டிய தொழிற்பயிற்சி) தேடும் பிள்ளைகளுக்கான இன்டர்வியூ பயிற்சி. என் தங்கச்சியைச் சேர்த்துவிட்டேன். வீட்டிலிருந்து ஒருவர் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள், நானும் உட்கார்ந்தேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பாராட்டு விளம்பரமாகிவிடும், குறை வம்பாகிவிடும். பாண்டிபஜார், உஸ்மான் ரோடு பக்கம் இந்த மாதிரி வகுப்புகள் நிறையவே நடக்கின்றன; எதில் சேர்ந்தாலும் இங்கே சொல்வதை வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

நான் சி.ஏ. இல்லை. பி.காம். முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வருடா வருடம் ஆடிட்டுக்கு ஆர்ட்டிகிள் பிள்ளைகள் எங்கள் ஆபீசுக்கு வருவார்கள். எந்தப் பிள்ளை தேறும், எந்தப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே டிக் அடித்துவிட்டுப் போகும் என்பது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இந்த வகுப்பையும் பார்த்தேன்.

முதல் நாள் காலை முழுக்க வீண். கோட் போட்ட ஒரு இளைஞர் வந்து கை குலுக்குவது எப்படி, நாற்காலியில் எவ்வளவு சாய்ந்து உட்காரலாம், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் என்ன சொல்வது என்று மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். பதிலை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். அத்தனை பேரும் அதே பதிலை மனப்பாடம் பண்ணிக்கொண்டு நுங்கம்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் இருக்கிற அதே ஆபீஸ்களுக்குத்தானே போகப்போகிறார்கள்? மூன்றாவது பிள்ளை வாயைத் திறக்கும்போதே ஆடிட்டருக்குக் கொட்டாவி வந்துவிடும். 'ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்' என்று வேறு ஒரு அறிவுரை. எங்கள் ஸ்டோர்ஸில் வந்து ஆங்கிலத்தில் யோசித்தால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

போன வருடம் ஸ்டாக் பார்க்க வந்த ஒரு பையன், லிஸ்டை வைத்து எண்ணிக்கொண்டே போனவன் நடுவில் நின்று ஸ்டோர்ஸ் இன்சார்ஜிடம், "அண்ணே, அந்த மூலையில இருக்கிற டிரம் எல்லாம் யாரோடது?" என்று கேட்டான். அது ஜாப் ஒர்க்குக்காக, அதாவது எங்களிடம் வேலை செய்து திருப்பி வாங்கிக்கொள்ள, வேறொரு கம்பெனி அனுப்பிய சரக்கு. எங்கள் கணக்கில் சேரக்கூடாது. கேட்காமல் விட்டிருந்தால் ஸ்டாக்கோடு சேர்த்து எண்ணியிருப்பான். அந்தப் பையனின் ஆங்கிலம் எனக்கு நினைவில்லை.

சாப்பாடு கட்டணத்தில் சேராது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்திப் போகவேண்டும். ஏ.சி. நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

மதியம் ஒரு மேடம் வந்தார். சொந்தமாகப் பிராக்டீஸ் செய்யும் ஆடிட்டர். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். ஒரு மெஷின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான பில். தேதி ஜனவரி 1, ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. தொகை 1,00,000, சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் ஜி.எஸ்.டி.) 9,000, எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் ஜி.எஸ்.டி.) 9,000, ஆக மொத்தம் 1,18,000. பில் கொடுத்தது ஒரு பிரைவேட் லிமிடெட். "இந்த பில் உங்க டேபிளுக்கு வந்திருக்கு. இதோட கதையை ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றார். அன்று மதியம் முழுக்க இந்த ஒரே தாள்தான்.

முன்வரிசைப் பையன் ஒருவன் முழு லட்சத்தையும் பராமரிப்புச் செலவில் எழுதுவேன் என்றான். மேடம் கோபப்படவில்லை. "ஏன் தம்பி, மார்ச் 31-க்கு அப்புறம் மெஷின் ஓடாதா?" என்றார். வகுப்பே சிரித்தது, பையனும் சிரித்தான். மூன்று மாதத்துக்கு 25,000 இந்த வருடச் செலவு, மீதி 75,000 முன்கூட்டிக் கொடுத்த செலவாக பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும். அடுத்து டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. செலவை இப்படிப் பிரித்தாலும் பிடித்தம் முழுத் தொகைக்கும் உண்டு, பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருப்பதால் அதை விட்டுவிட்டு லட்சத்துக்கு மட்டும். கம்பெனி என்பதால் 2 சதவீதம், ஆக 2,000. கையில் போவது 1,16,000. "இதே பில்லை ஒரு தனிநபர் கொடுத்திருந்தா?" 1 சதவீதம். "பெங்களூரு கம்பெனி கொடுத்திருந்தா?" வெளி மாநிலம் என்பதால் 18,000-மும் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.). "அவங்க ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடவே இல்லைன்னா?" ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்பது விற்றவர் தாக்கல் செய்யும் விற்பனை விவரம்; அதைப் போடாவிட்டால் நம்முடைய 2பி-யில் (ஜி.எஸ்.டி. தளம் நமக்குக் காட்டும் கொள்முதல் பட்டியலில்) அந்த பில் வராது, கட்டிய வரிக்குக் கிரெடிட் எடுக்க முடியாது.

அப்புறம்தான் விஷயத்துக்கே வந்தார். அந்தக் கம்பெனி சிறு நிறுவனமாக உத்யமில் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுத் தளத்தில்) பதிவு செய்திருக்கிறது, நாம் மார்ச் 31 வரை பணமே கொடுக்கவில்லை, அப்போது என்ன ஆகும்? தங்கச்சி கையைத் தூக்கினாள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்; அதைத் தாண்டி பாக்கி நின்றால் வருமான வரிக் கணக்கில் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும், 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிதாகச் சேர்த்த உட்பிரிவு அது, என்றாள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே சொன்னாள். மேடம் அதோடு விடவில்லை. "சரி, நீங்க ஆடிட் பண்ணப் போயிருக்கீங்க. அவங்க சிறு நிறுவனம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்தக் காகிதத்தைக் கேட்பீங்க?" இன்டர்வியூவில் ஆளைப் பிரித்தெடுக்கும் கேள்வி இதுதான். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்பது புத்தகத்தில் கிடைக்காது.

2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதையும் அவர்தான் சொன்னார். பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, 'வரி ஆண்டு' என்ற புதுப் பெயர் வருகிறது, பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள் என்றார். இதே வகுப்பில் விற்ற நோட்ஸைத் திறந்தால் ஜி.எஸ்.டி. விகிதம் 5, 12, 18, 28 என்று பழைய நான்கும் அப்படியே இருந்தன. 2025 செப்டம்பர் 22-லேயே பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்று இரண்டுக்குள் வந்துவிட்டன, சிலவற்றுக்கு 40. இந்த நோட்ஸை நம்பி ஒரு பிள்ளை பதில் சொன்னால் அந்த இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. கவுன்டரில் சொன்னேன். "அடுத்த எடிஷன்ல மாத்திடுவோம் சார்" என்றார்கள். இந்த எடிஷனுக்குக் காசு வாங்கியாயிற்று.

பெரிய குறை மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ. ஒரு பேட்சில் 15 பேர் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஹாலில் நாற்பது பேருக்குக் குறையாது. ஆளுக்கு மூன்று நிமிடம் வந்தாலே அதிகம். பின்னூட்டத் தாளில் 'கான்ஃபிடென்ஸ்: குட், கம்யூனிகேஷன்: குட்' என்று டிக். யாருக்குத்தான் குட் இல்லை என்று பக்கத்தில் நாலு தாளை எட்டிப் பார்த்தேன், எல்லோருக்கும் குட். மேடமிடம் மாட்டிய சில பேருக்கு மட்டும் கைப்பட நாலு வரி கிடைத்தது.

எக்செல் பயிற்சி உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. புரொஜெக்டரில் பைவட் டேபிள் (விவரங்களைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) போட்டுக் காட்டினார்கள், அதுதான் பயிற்சி. ஆர்ட்டிகிளாகச் சேர்ந்ததும் பெரும்பாலும் தலையில் விழுகிற வேலை கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் ஒப்பிட்டு, எந்த பில் எங்கே விட்டுப்போயிற்று என்று பார்ப்பது. வி-லுக்கப் (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் எக்செல் ஃபார்முலா) போட்டால் சில வரிகள் பொருந்தாது. சப்ளையர் பில் நம்பரை 0045 என்று போட்டிருப்பார், நாம் 45 என்று ஏற்றியிருப்போம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்த பிள்ளை இன்டர்வியூவில் அதை ஒரு வரியில் சொன்னாலே போதும். என் கம்பெனி டேட்டாவை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. (அப்படிக் கொண்டுவந்து படித்ததாக ஆடிட்டரிடம் சொன்னால் வேலை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.) வில்லிவாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு தங்கச்சியைக் கடையின் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் உட்காரவைத்தேன். வகுப்பில் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

ரெஸ்யூமேவைப் பொறுத்தவரை, அவர்கள் கொடுத்த மாதிரியில் 'கடின உழைப்பாளி', 'இசை கேட்பது' எல்லாம் மேலே இருந்தன. மேடம் அதைத் தலைகீழாக்கினார். எந்த முயற்சியில் எந்த குரூப் (பேப்பர்களின் தொகுதி) தேறியது, பேப்பர் வாரியாக மதிப்பெண், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு முன் முடிக்கவேண்டிய ஓரியன்டேஷன், ஐ.டி. பயிற்சி இரண்டும் முடிந்ததா, எந்தத் தேதியிலிருந்து சேரலாம், காலேஜ் தபால் வழியா மாலை நேரமா, வீடு எங்கே. ஒரே பக்கம். வீடு எங்கே என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மறைமலைநகர் கிளையன்ட் ஆபீசுக்குக் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர முடியுமா என்பதைத்தான் இன்டர்வியூ எடுக்கும் ஆடிட்டர் அதில் பார்க்கிறார்.

வகுப்பு முழுக்க பிக் ஃபோர், பிக் ஃபோர் (உலகின் நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்கள்) என்றே ஓடியது. அங்கே போகிறவர்கள் போகட்டும். ஆனால் ஹாலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போகப்போவது பத்திருபது பேர் வேலை செய்யும் ஆபீஸ்களுக்கு. அங்கே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வரி ஆடிட், ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட் என்று எல்லாம் கை வழியாகப் போகும். 2023 ஜூலையில் வந்த புதுத் திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகிவிட்டது. கற்றுக்கொள்ள இருக்கிற காலம் சுருங்கிவிட்டதால் பிள்ளையும் ஆபீஸைத் திருப்பிக் கேள்வி கேட்கவேண்டும்: எந்த மாதிரி கிளையன்ட், ஆடிட் எவ்வளவு, ரிட்டர்ன் வேலை எவ்வளவு, வெளியூர் போகவேண்டுமா, பரீட்சை லீவு எப்படி. ஸ்டைபண்டை (பயிற்சிக் காலத்தில் தரும் மாத உதவித்தொகையை) முதல் கேள்வியாகக் கேட்கவேண்டாம், கேட்காமலும் எழுந்து வரவேண்டாம். இதில் ஒன்றைக்கூட அந்தக் கோட் போட்டவர் பேசவில்லை. சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் சொந்தத் தளத்திலேயே காலியிடங்களைப் பார்க்கலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அந்த இரண்டரையும் மேடத்துக்கு. சேர்வதாக இருந்தால் பணம் கட்டுமுன் பேட்சில் எத்தனை பேர், மாக் இன்டர்வியூ எடுப்பது யார், எத்தனை நிமிடம், நோட்ஸ் எந்த மாதம் அச்சடித்தது என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 15 பேர் என்று எழுதித் தந்திருந்தால் நான் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன். என்னிடம் இருந்தது வாய்ப்பேச்சு மட்டும். மேடத்தோடு தனியாக அரை மணி நேர மாக் மட்டும் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கடைசி நாளில்தான் தெரிந்தது, பலகையில் போடமாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள். தங்கச்சியின் தோழிக்கு இப்போது அதைத்தான் பதிவு செய்திருக்கிறோம். போகும்போது அவள் அப்பா கடையின் பர்ச்சேஸ் பில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.