“சில்வர் ஏஞ்சல்” என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில் “சில்வர் ஏஞ்சல்” என்று வெள்ளி நிற மீனொன்று விற்கிறார்கள். தட்டையான வட்ட உடல், தலையில் செங்குத்தாக இரண்டு கறுப்புப் பட்டைகள், முதுகுச் செட்டையில் மஞ்சள். குழாய்த் தண்ணீர்த் தொட்டிக்காக அதை வாங்கிவிடாதீர்கள். மீன் வளர்ப்பவர்கள் அதை மோனோ என்பார்கள். ஆறும் கடலும் கலக்கும் உவர்நீரில் வளர்ந்து, பெரிதானதும் கடலை நாடும் மீன் அது.

நான் நான்கு வாங்கினேன். “சிங்கப்பூர் மீன் அக்கா, குழாய்த் தண்ணீரே போதும்” என்றார் கடைக்காரர். பற்றுச்சீட்டுக் கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்த மீன்கள் வாயைத் திறக்கவேயில்லை. புதிய மீன் ஓரிரு நாள் பட்டினி கிடப்பது பெரிய விடயமல்ல. விளக்கை அணைத்து, மிஞ்சிய தீனியை எடுத்துவிட்டுப் பேசாமல் விட்டால் பெரும்பாலும் தானாகவே தின்னத் தொடங்கும். இவையோ நாளுக்கு நாள் கறுத்து, மூலையில் ஒடுங்கின. வயிறு உள்வாங்கியது.

கடைக்காரரிடம் போனேன். அங்கேதான் உண்மையான வியாபாரம் ஆரம்பித்தது. முதலில் விலை கூடிய தீனி. அடுத்த முறை, லேபிளே இல்லாத குப்பியில் “பசி மருந்து”. அதற்கும் அடுத்த முறை நீல மருந்து. ஒவ்வொன்றையும் “அக்கா, அக்கா” என்று அன்பாகத்தான் தலையில் கட்டினார். தொட்டியில் என்ன தண்ணீர் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பொய் வெளியே வந்துவிடுமே! அந்த நீல மருந்து, அதாவது மெத்திலீன் நீலம், வடிகட்டியிலுள்ள நல்ல பக்டீரியாக்களையும் கொல்லக்கூடியது. அவை செத்தால் தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா ஏறும். அதுவரை சாப்பிடாமல் மட்டும் இருந்த மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. இரண்டு செத்துவிட்டன.

உண்மையைச் சொன்னவர் நாவலடியில் வலை வீசும் மாமா. தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “பிள்ளை, இது நம்முடைய வாவியிலும் இருக்கிற மீன். பாலமீன்மடுப் பக்கம் குஞ்சுகள் வலையில் விழும், கறிக்குக்கூட எடுப்பதில்லை” என்றார். மீன்பாடும் தேன்நாட்டில் இருந்துகொண்டு வாவி மீனுக்குச் சிங்கப்பூர் விலை கொடுத்திருக்கிறேன்!

இந்த மீன் சின்னதாக இருக்கும்போது நன்னீரிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். கடையில் உயிரோடு நீந்துவதைப் பார்த்து நாம் ஏமாறுவது அதனால்தான். நன்னீரில் செவுள் வழியாகத் தண்ணீர் உடலுக்குள் புகுந்துகொண்டேயிருக்கும், உப்பு வெளியேறிக்கொண்டேயிருக்கும். அதைச் சமாளிப்பதிலேயே மீனின் சக்தி கரைகிறது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் மருந்தை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கான உப்பைத் தனியாகக் கரைத்து, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சமையல் உப்பு சரிவராது. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் அடர்த்திமானியில் 1.005 முதல் 1.010 வரை வந்தால் போதும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் வடிகட்டி பக்டீரியா தாங்காது. வாவித் தண்ணீரை அள்ளி ஊற்றுவதும் வேண்டாம், நோயும் கூடவே வரும். தீனிக்குப் பச்சை இறாலைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். எனது இரண்டும் முதலில் வாய் வைத்தது அதில்தான். நுளம்புக் குடம்பியும் விரும்பித் தின்னும், ஆனால் அதை வாளியில் வளர்க்கப் போனால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் வழக்குப் போட்டுவிடுவார்கள்.

கடைக்காரரோ, “உயிருள்ள சாமானைத் திருப்பி எடுப்பதில்லை” என்று முடித்துவிட்டார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நான் அழைத்துச் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கடையிலும் பணம் கொடுக்குமுன் உங்கள் கண்முன்னே மீனுக்குத் தீனி போடச் சொல்லுங்கள். “இப்போதுதான் போட்டோம்” என்றால் மறுநாள் போய்ப் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவரிடம் மோனோ வாங்க வேண்டாம்.