6,800 ரூபாய்க்கு 11 டப்பா: ஹாஸ்டல் பிள்ளைகளே, இந்த 'கிளீன் ஈட்டிங்' ஆட்களிடம் ஜாக்கிரதை

எனக்கு டயட் சாப்பாடு விற்றவர்கள் நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஹாஸ்டலில் தங்கி உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்லோரும் ரீல்ஸ் பார்க்கும் செயலியில்தான் 'கிளீன் ஈட்டிங்', அதாவது சுத்தமான சாப்பாடு என்று சொல்லும் அந்த டயட் பக்கம் கண்ணில் பட்டது. அரிசி, பால், சர்க்கரை, மைதா, பாக்கெட்டில் வரும் எதுவும் 30 நாளைக்குக் கூடாது. மதியம், ராத்திரி இரண்டு வேளைக்கும் டப்பா ஹாஸ்டல் கேட்டுக்கே வந்துவிடும். 6,800 ரூபாய்.

பக்கத்தைப் பார்த்து மட்டும் நான் பணம் அனுப்பவில்லை. 'டயட்டீஷியன்' என்று சொல்லிக்கொண்ட ஓர் அக்கா போன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா, முடி எவ்வளவு கொட்டுகிறது, மெஸ்ஸில் பூரி என்றைக்குப் போடுவார்கள் என்பது வரை கேட்டார். என்னிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கடைசியில், "உங்க அம்மா பக்கத்துல இருந்தா இதைத்தான்டா செஞ்சு கொடுப்பாங்க" என்றார். அங்கேதான் விழுந்தேன். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள், செமஸ்டர் முடிந்து நான் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. உடனே அடுத்தது: "ஆஃபர் இன்னைக்கு 12 மணியோட முடியுதும்மா, நாளைக்கு 9,500." யுபிஐயில் அனுப்பும்போது திரையில் ஏதோ ஓர் ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் அக்கவுண்ட்தான்" என்றார். சரி என்று பின் நம்பரைப் போட்டேன். மே மாத லீவில் டியூஷன் எடுத்துச் சேர்த்த 5,000, மிச்சம் பாட்டி சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. 6,800.

"உங்களுக்காகவே தயாரிச்ச பிளான்" என்று ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே என் பெயர். இரண்டாம் பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர், எடை 52 கிலோ. நான் 64. டைப்பிங் தப்பாம்.

நான்கு நாள் இரண்டு வேளையும் வந்தது. அடுத்த மூன்று நாள் மதியம் மட்டும். அதோடு சரி. மொத்தம் 11 டப்பா. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு டப்பா 618 ரூபாய்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது தெரியுமா? மூன்றாம் நாள் 'குளூட்டன் ஃப்ரீ சாமை உப்புமா' என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒன்று வந்தது. சாமை குட்டிக் குட்டி உருண்டையாக இருக்கும், எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் உண்டு. இது கட்டி கட்டியாக, கரண்டியில் வழுக்கிக்கொண்டு, சாட்சாத் ரவை. ரவை கோதுமையில் செய்வது, கோதுமையில் இருக்கும் புரதமான குளூட்டன் இல்லாமல் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் அவர்கள் தடை செய்த அரிசியில் குளூட்டன் கிடையாது! என் ரூம்மேட் ஒரு வாய் தின்றுவிட்டு, "மெஸ்லயே இதைவிட நல்லாப் போடுவாங்கடி" என்றாள். மெஸ் பணமும் கட்டியாகிவிட்டது, சாப்பிடவில்லை என்றால் திரும்பத் தரமாட்டார்கள்.

ஆறாம் நாள் லேபில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பியூரெட்டைப் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு மெசேஜ் போட்டால், "டீடாக்ஸ் ஆகுதும்மா, நல்ல அறிகுறி" என்று பதில். டீடாக்ஸ் என்றால் உடம்பிலிருந்து நச்சை வெளியேற்றுவது; அதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் என்ன வேலை செய்கின்றன என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய நான் அதையும் நம்பினேன் பாருங்கள். அன்று ராத்திரி மெஸ் அக்கா ஒரு தட்டு ரசம் சாதம் வைத்தார். அதைத் தின்ற பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

டப்பா நின்ற பிறகு கேட்டேன். "டெலிவரி பையனுக்குக் காய்ச்சல்." மறுநாள், "டீம்ல பேசிட்டுச் சொல்றேன்." அதற்கும் மறுநாள் 'கஸ்டமர் சப்போர்ட்' என்று வேறொரு எண்ணைக் கொடுத்தார்கள். அடித்தால் எடுத்தது அதே அக்கா, குரலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'ம்மா' போய்விட்டது. "மேம், பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது, அடுத்த மாச பிளான்ல கழிச்சுக்கலாம்." அவர்கள் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் காணோம். பணம் அனுப்பிய செயலியில் புகார் செய்தால், நீங்களே பின் போட்டு அனுப்பியது, அவரிடமே கேளுங்கள் என்கிறார்கள். 6,800 ரூபாய் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா. சாப்பாடு விற்பவர்களிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த எண்ணைக் கேளுங்கள், 14 இலக்கம் இருக்கும். என் டப்பா ஸ்டிக்கரில் இருந்ததை நேற்றுதான் எண்ணினேன், 13. எண் சரியாக இருந்தாலும் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரியும். மொத்த மாதத்துக்கும் முன்பணம் வேண்டவே வேண்டாம், ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். பெயர் மாறி வந்தால் பின் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடி என்றால் 1930, உடனே அடியுங்கள். நான் 1915-இல் பதிந்திருக்கிறேன், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் இப்போது தோன்றவில்லை.

பிளாக் செய்வதற்கு முன் கடைசியாக வந்த மெசேஜ் என்ன தெரியுமா? டப்பா வைத்து அனுப்பிய தெர்மல் பையைத் திருப்பித் தராவிட்டால் 350 ரூபாய் கட்ட வேண்டுமாம். பை என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. 6,800-ஐக் கொண்டு வந்து வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகட்டும்.