புதியது என்று விற்கப்பட்ட பழைய ரோலர்கள்: பொக்லைன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

என்னிடம் டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் 20 டன் வகைப் பொக்லைன் ஒன்று இருக்கிறது. அந்தச் செயினின் மேல் உருண்டு வண்டியைத் தாங்குபவைதான் கீழ் ரோலர்கள். புதிய கீழ் ரோலர்கள் என்று சொல்லி உதிரிபாக வியாபாரி ஒருவர் எனக்கு விற்ற ஆறும், தேய்ந்துபோன பழைய ரோலர்களில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து, பெயின்ட் அடித்தவை என்பது 130 மணி நேரம் ஓட்டிய பிறகே தெரியவந்தது. பில்லில் ‘ரோலர் 6’ என்று மட்டுமே இருந்தது. ‘புதியது’ என்று எழுதி வாங்காதது என் தவறு.

இந்த வகை வண்டியில் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8 கீழ் ரோலர்களும் 2 மேல் ரோலர்களும் இருக்கும். மேல் ரோலர், திரும்பி வரும் செயின் தொங்கிவிடாமல் தாங்குகிறது. அவ்வளவுதான் அதன் சுமை. கீழ் ரோலர்கள் மீதோ வண்டியின் எடையும், தோண்டும்போது எழும் விசையும் இறங்குகின்றன. நடுவிலுள்ள ஷாஃப்ட் சுழலாது. வெளிக்கூடு மட்டும் புஷ் என்ற உலோக உறையின் மேல், எண்ணெய்ப் படலத்தில் சுழல்கிறது. அந்த எண்ணெய் வெளியேறாமலும் சேறு உள்ளே நுழையாமலும் காப்பது இரு முனைகளிலும் உள்ள சீல்தான்: கண்ணாடிபோல் தேய்த்து வழவழப்பாக்கிய இரண்டு உலோக வளையங்களை, அவற்றின் பின்னாலுள்ள ரப்பர் வளையங்கள் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும். முதலில் நிரப்பிய எண்ணெயிலேயே ரோலர் தன் ஆயுள் முழுக்க ஓட வேண்டும்; இதற்கு நாம் கிரீஸ் அடிக்க வேண்டியதில்லை.

முதல் அறிகுறியை ஓட்டுநர்தான் கவனித்தார். வலப்பக்கத்து மூன்றாவது ரோலரின் முனையில் மட்டும் புழுதி ஈரமாக, கருமையாக ஒட்டியிருந்தது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அந்த ரோலர் இறுகிப்போய், செயின் அதன் மேல் உருளாமல் உரசிக்கொண்டு போனதில், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. இறுகிய ரோலர் தான் கெடுவதோடு நிற்பதில்லை, செயின் இணைப்புகளின் ஓடுதளத்தையும் தின்றுவிடுகிறது. ரோலரைவிடச் செயினுக்குத்தான் செலவு அதிகம்.

கழற்றிப் பிரித்தபோது உள்ளே எண்ணெய்க்குப் பதில் கிரீஸும் மண்ணும் கலந்த குழம்பு இருந்தது. சீல் வளையங்களின் முகத்தில் பழைய வட்டக் கீறல்கள்; ஒரு ரப்பர் வளையம் பொருத்தும்போதே வெட்டுப்பட்டிருந்தது. எண்ணெய் நிரப்பும் பிளக்கின் உட்குழி மூலைகள் மழுங்கியிருந்தன, அந்த மழுங்கலின் மேலேயே புதுப் பெயின்ட் படிந்திருந்தது. இன்னும் மாட்டாமல் வைத்திருந்த ஒரு ரோலரின் ஓடுதளத்தில் அரத்தால் இழுத்துப் பார்த்தேன். கடினப்படுத்திய புதிய ரோலரில் அரம் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். இதிலோ துகள் உதிர்ந்தது. வெல்டிங் செய்தபின் முறையான வெப்பப் பதப்படுத்தல் நடக்கவில்லை என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வெல்டிங் வைத்துப் புதுப்பிப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. அதை ஒழுங்காகச் செய்து, சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

செயினை நான் அதிகமாக இறுக்கி ஓட்டியதே காரணம் என்றார் வியாபாரி. இறுக்கமான செயின் ரோலர், புஷ், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் தேய்க்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, கையேடு சொல்லும் இடத்தில் செயினின் தொய்வை அளந்தபோது, அது அதில் கொடுத்துள்ள அளவுக்குள்தான் இருந்தது. அதைச் சொன்னதும் சேற்றின் மேல் பழி போட்டார், பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ரோலர் வாங்கப் போகிறவர்கள், மாட்டுவதற்கு முன்பே ஷாஃப்ட் முனைகளில் பழைய போல்ட் அழுந்திய தடம் இருக்கிறதா, பாக எண் இருக்க வேண்டிய இடம் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். வெர்னியர் அளவுகோலால் ஓடுதளத்தின் விட்டத்தை இரு பக்கமும் அளந்து, புதிய ரோலருக்குக் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கையால் சுற்றும்போது சீரான, லேசான இறுக்கம் இருக்க வேண்டும். தடதடவென ஆடினாலோ இடையில் பிடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீதி ஐந்தில் நான்கு இன்னும் என் வண்டியில்தான் ஓடுகின்றன. வேலை முடிந்ததும் சேறு காய்வதற்குள் ரோலர்களின் இடைவெளிகளைக் கழுவி, வண்டியை அணைத்தபின் முனைகளில் கசிவு இருக்கிறதா, பக்கத்து ரோலரைவிட எதுவும் அதிகமாகச் சுடுகிறதா என்று பார்த்து வருகிறேன். இடப்பக்கத்து ஐந்தாவதில் நேற்று புழுதி மறுபடியும் ஈரமாக ஒட்டியிருந்தது. இன்று வண்டியை எடுக்கவில்லை.